ஹாபிட்: டிராகன் செத்த பிறகும் ஏன் ஐந்து அத்தியாயம்?

ஆற்றோரம் | ஜூன் 2, இரவு 10:14

டோல்கீனின் ‘ஹாபிட்’டைப் பள்ளி வயதில் படித்தவர்கள் இப்போது திரும்ப எடுத்தால் ஒரு குறை கண்ணில் பட்டே தீரும். டிராகன் பறித்துக்கொண்ட மலைப் புதையலை மீட்கப் போகும் 13 குள்ளர்களோடு பில்போ என்ற ஹாபிட்டும் (குட்டை உருவ இனம்) சேர்ந்துகொள்கிற கதை. மொத்தம் 19 அத்தியாயம். ஸ்மாக் என்ற அந்த டிராகன் 14-ஆம் அத்தியாயத்திலேயே செத்துவிடுகிறது. கொன்றது பில்போ இல்லை, குள்ளர் தலைவன் தோரின் இல்லை, மந்திரவாதி காண்டால்ஃப்கூட இல்லை. அதுவரை பேர்கூட வராத பார்ட் என்ற வில்லாளி. அதற்கப்புறம் பங்குச் சண்டை, முற்றுகை, போர். அந்தப் போரிலும் நம் நாயகன் கல்லடி பட்டு மயங்கிக் கிடக்கிறான். மிச்சத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

பிள்ளைகள் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பெரியவர்கள் கண்ணுக்குக் கட்டுக்கோப்பு குலைந்த கதை. டிராகனோடு பேசும் 12-ஆம் அத்தியாயம்தான் உச்சம், அதோடு மூடிவைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழம்பதிப்பு | ஜூன் 2, இரவு 11:31

மறுக்கிறேன். முதலில் பார்ட் விஷயம்.

பேர் வராதது உண்மை. ஆனால் அம்பு திடீரென்று வரவில்லை. 12-ஆம் அத்தியாயத்தில் பில்போ ஸ்மாக்கைப் புகழ்ந்து புகழ்ந்து வயிற்றைக் காட்டவைக்கிறான். இடது மார்பில் ஒரு திட்டு, ரத்தினக் கவசம் ஒட்டாமல் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிடுகிறான். வெளியே வந்து குள்ளர்களிடம் சொல்லும்போது பாறைமேல் ஒரு கிழட்டுப் பாடும்பறவை உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறது. எரிச்சலில் பில்போ அதன்மேல் கல்லெறிகிறான். அது ஒதுங்கிக்கொண்டு திரும்ப வந்து உட்காருகிறது. அதே பறவைதான் ஏரி நகரத்துக்குப் பறந்து பார்டின் தோளில் உட்கார்ந்து சேதி சொல்கிறது. ஸ்மாக் முன்பு அழித்த, மலையடிவார டேல் நகரத்து வம்சத்தவருக்கு அந்தப் பறவைகளின் பேச்சு விளங்கும். பார்ட் அந்த வம்சம். ஆக அம்பு பார்டுடையது, குறி பில்போவுடையது. அந்தக் கல் பட்டிருந்தால் ஸ்மாக் இன்னும் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. 12-இல் மூடினால் டிராகன் உயிரோடு, குகைவாசல் இடிந்து, எல்லோரும் உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அதுவா உங்கள் உச்சம்?

ஆற்றோரம் | ஜூன் 3, காலை 7:05

சரி, 14-இல் மூடுகிறேன். மிச்சம் ஐந்து எதற்கு?

பழம்பதிப்பு | ஜூன் 3, பிற்பகல் 1:20

இந்தக் கதையின் கேள்வி ‘டிராகனை யார் கொல்வது’ இல்லை. ‘பணம் யாருக்கு’ என்பதுதான். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு படித்துப் பாருங்கள், புரியும்.

விருந்துக்கு மறுநாள் காலை, கணப்பு மாடத்துக் கடிகாரத்தின் கீழ் தோரின் கம்பெனியார் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதில் உள்ள நிபந்தனைகள்: சரக்கு கைக்கு வந்ததும் ரொக்கம்; மொத்த லாபத்தில் 14-இல் ஒரு பங்குக்கு மேற்படாமல் (லாபம் இருந்தால்); வழிச்செலவு எப்படியானாலும் அவர்கள் பொறுப்பு; ஈமச்செலவும் அவர்கள் பொறுப்பு, அதற்குத் தேவை ஏற்பட்டு, வேறு வகையில் அந்தக் காரியம் முடிந்துவிடாமல் இருந்தால். கடைசி வரி டிராகன் வயிற்றை நாசூக்காகச் சொல்வது. பத்து வயதில் இது சிரிப்பு. நாற்பதில் ஒவ்வொரு சொல்லும் உறுத்தும். ‘மேற்படாமல்’ என்றால் குறையலாம். ‘லாபம்’ என்றால் வரவு இல்லை, செலவும் கடனும் போக மிஞ்சுவது. ‘இருந்தால்’ என்ற அடைப்புக்குறி வேறு.

13 குள்ளர், ஒரு பில்போ, ஆளுக்கு ஒரு பங்கு. காண்டால்ஃபுக்குப் பங்கு கிடையாது.

இந்தக் கடிதத்தை எந்தப் பெரியவனும் ஆழமாகப் படிப்பதில்லை. படித்தது ஸ்மாக் மட்டும். 12-இல் அது பில்போவைப் பார்த்துக் கேட்பதைக் கவனியுங்கள்: பதினாலில் ஒரு பங்குதானே பேச்சு? சரி, சரக்கை ஒப்படைப்பது எங்கே? வண்டிக்கூலி யார் தருவது? ஆயுதக் காவலுக்கும் சுங்கத்துக்கும் என்ன வழி? பில்போவுக்கு முகம் வெளிறிவிடுகிறது. இதைப்பற்றி அவன் யோசித்ததே இல்லை. குள்ளர்களும் யோசித்திருக்கவில்லை.

சுண்டெலி | ஜூன் 3, பிற்பகல் 2:02

டிராகன் கேட்டது நியாயமான கேள்வி. போக்குவரத்துச் செலவைப் போடாமல் எவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்.

சுண்டெலி | ஜூன் 3, பிற்பகல் 2:05

கையெழுத்தே போடவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது. கடிதத்தைப் படித்ததும் காண்டால்ஃப் விரட்ட, ஓடுகிறான். பதினொரு மணிக்கு பைவாட்டரில் பச்சை டிராகன் சத்திரத்தில் இருக்க வேண்டும், கையில் பத்து நிமிடம், ஒரு மைலுக்கு மேல் தூரம். தொப்பி இல்லை, கைத்தடி இல்லை, பணம் இல்லை, கைக்குட்டை இல்லை. ஒப்புதல் என்று எழுத்தில் ஒன்றும் கிடையாது.

பழம்பதிப்பு | ஜூன் 3, இரவு 9:48

ஓடிப்போய்ச் சேர்ந்ததே ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளலாம். கடிதத்தை அவன் தொலைக்கவில்லை என்பதுதான் முக்கியம். 16-ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள்.

மலையில் தோரின், வெளியே பார்டும் எல்ஃப் அரசரும் முற்றுகை. பில்போ ராத்திரியில், தோரின் உயிராய்த் தேடும் ஆர்க்கன்ஸ்டோன் என்ற ரத்தினத்தை மறைத்து எடுத்துக்கொண்டு எதிரி முகாமுக்குப் போகிறான். அங்கே சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறான். கசங்கி, பல மடிப்பாக மடிந்து கிடக்கும் அதே கடிதம். கீழே வெள்ளிக் கவசம், மேலே பழைய சட்டை, அதன் பையில் அது. காடு, சிலந்தி, பீப்பாய், ஆறு எல்லாம் தாண்டி வந்திருக்கிறது!

அதைக் காட்டி அவன் சொல்லும் வாதம்தான் கதையின் மையம். எனக்குப் பேசியது லாபத்தில் பங்கு. ஆகவே உங்கள் உரிமைக் கோரிக்கைகளையெல்லாம் முறையாகப் பரிசீலித்து, நியாயமானதை மொத்தத்திலிருந்து கழித்த பிறகுதான் என் பங்கைக் கேட்பேன். தோரின் ‘லாபம்’ என்று எழுதியபோது பில்போவுக்குக் குறைத்துக் கொடுக்க வழி வைத்தான். பில்போ அதே சொல்லைப் பிடித்து, பார்டுக்குக் கொடுத்தாக வேண்டியது செலவுக் கணக்கு என்று திருப்பிவிட்டான்.

சரி, ஆர்க்கன்ஸ்டோன் அவனுடையது ஆனது எப்படி? 12-இல் தோரினே வாய்விட்டுச் சொல்கிறான்: உன் பதினாலில் ஒரு பங்கை நீயே தேர்ந்தெடுத்துக்கொள். பில்போ தேர்ந்தெடுத்துக்கொண்டான். 17-இல் பிடிபட்டபோது, அந்தச் சொல்லை அளவுக்கு மீறி அப்படியே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறான்.

ஆக ஆற்றோரம் அவர்களே, நீங்கள் வெட்டச் சொல்லும் பகுதியில்தான் இரண்டாம் அத்தியாயத்துக் கடிதத்துக்கு விடை இருக்கிறது.

வாசல்படி | ஜூன் 4, காலை 6:40

பார்டின் கோரிக்கை நியாயமா என்பதையும் பேசிவிடுங்கள் ஐயா. படிக்கும்போது அவன் பக்கம் முழு நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. தோரின் வெறும் பேராசைக்காரன்.

பழம்பதிப்பு | ஜூன் 4, இரவு 8:15

அப்படி இல்லை அக்கா. 15-ஆம் அத்தியாயத்தில் மலைவாசலில் பார்ட் மூன்று காரணம் வைக்கிறான். ஒன்று, டிராகனைக் கொன்று புதையலை விடுவித்தவன் நான். இரண்டு, டேல் நகரத்து கிரியோனின் வாரிசு நான். ஸ்மாக் கொள்ளையடித்ததில் டேலின் செல்வமும் கலந்து கிடக்கிறது. மூன்று, உங்களுக்குச் சோறும் துணியும் கொடுத்த ஏரி நகரம் உங்களால் எரிந்து போயிற்று.

தோரின் மூன்றையும் தள்ளிவிடவில்லை. ஏரிக்காரர் கொடுத்த பொருளுக்கும் செய்த உதவிக்கும் உரிய காலத்தில் நியாய விலை தருவேன், ஆனால் படையை வாசலில் நிறுத்திக்கொண்டு கேட்டால் ஒரு காசு கிடையாது என்கிறான். கூடவே ஒரு குத்தல்: நாங்கள் செத்துக் கிடந்து, புதையல் காவலில்லாமல் இருந்திருந்தால், எங்கள் சொந்தக்காரர்களுக்கு எவ்வளவு பங்கு அனுப்பியிருப்பீர்கள்? பார்டே அதை நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்கிறான். பதில் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் சாகவில்லை, நாங்கள் கொள்ளைக்காரரும் இல்லை என்று பேச்சை மாற்றுகிறான்.

பிறகு தூதன் வந்து கேட்பது 12-இல் ஒரு பங்கு. அதிலிருந்து ஏரி நகரத்துக்குப் பார்டே கொடுத்துக்கொள்வான். தோரின் தூதனின் கேடயத்தில் அம்பு விடுகிறான். முற்றுகை தொடங்குகிறது.

மூன்று காரணத்தில் எனக்கு வலுவாகப் படுவது மூன்றாவது. முதலாவது வெறும் வீர உரிமை. இரண்டாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

பழம்பதிப்பு | ஜூன் 4, இரவு 9:02

கிரியோனின் மரகத மாலை. 500 மரகதம், புல் நிறம். 12-ஆம் அத்தியாயத்தில் தோரினும் பாலினும் புதையலில் இருப்பதைப் பட்டியல் போடும்போது இது வருகிறது. சும்மா வரவில்லை. கிரியோன் தன் மூத்த மகனுக்குக் குள்ளர்கள் செய்துகொடுத்த கவசத்துக்கு விலையாக அந்த மாலையைக் கொடுத்தான் என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.

விலை கொடுத்து வாங்கியது கொள்ளைக் கணக்கில் வராது. கவசம் போன வீடு டேல், மாலை வந்த வீடு மலை. ஆகவே ‘டேலின் செல்வம் கலந்திருக்கிறது’ என்ற வாதம் இந்த மாலைக்குப் பொருந்தாது. ஆனால் 18-இல் தோரினின் உறவினன் தாயின் (Dain) அதைப் பார்டிடம் திருப்பிக் கொடுத்ததாகவும், பார்ட் அதை எல்ஃப் அரசருக்குக் கொடுத்ததாகவும் வருகிறது. சட்டப்படி தாயின் கொடுத்திருக்க வேண்டியதில்லை. போருக்குப் பிந்தைய நல்லிணக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கிரியோன் என்ற பேர் 12-லேயே விழுந்துவிட்டதையும் கவனியுங்கள். வாரிசு 14-இல் வந்தாலும் வம்சம் முன்பே வந்தாயிற்று.

ஆற்றோரம் | ஜூன் 4, இரவு 10:30

இந்த அளவுக்கு யோசித்து எழுதினாரா, நீங்கள் ஏற்றிச் சொல்கிறீர்களா?

சுண்டெலி | ஜூன் 4, இரவு 10:41

500 மரகதத்தை எண்ணி எழுதியவர் ரசீதையும் யோசித்திருப்பார்.

பழம்பதிப்பு | ஜூன் 5, பிற்பகல் 12:50

கடைசிக் கணக்கைப் போட்டுவிடுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

17-இல் தோரின் கல்லை மீட்கப் பேசும் விலை: பொன்னிலும் வெள்ளியிலும் 14-இல் ஒரு பங்கு, ரத்தினங்களைத் தவிர்த்து. அதுவே இந்தத் துரோகியின் பங்கு என்கிறான். அதாவது பில்போவின் பங்கைத்தான் பார்டுக்குக் கொடுக்கிறான். தன் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. பார்ட் முதலில் கேட்டது 12-இல் ஒன்று, அதாவது 8.3 சதவீதம், ரத்தினமும் சேர்த்து. கிடைத்தது 7.1 சதவீதம், ரத்தினம் இல்லாமல். போர் நடந்தது, தோரினும் ஃபீலியும் கீலியும் செத்தார்கள். தாயின் அரசனானதும் செத்தவர்களின் ஒப்பந்தத்தை மதிப்போம் என்று அதே பதினாலில் ஒன்றைக் கொடுத்தான். ஆர்க்கன்ஸ்டோன் தோரினின் மார்பின்மேல் வைக்கப்பட்டுப் புதைகுழிக்குப் போயிற்று. அத்தனை சண்டைக்கும் காரணமான பொருளை யாரும் அனுபவிக்கவில்லை.

பில்போவுக்குப் பெரும் பரிசு கொடுக்க முன்வருகிறார்கள். வேண்டாம் என்கிறான். காரணம்? அவ்வளவையும் வழியெல்லாம் கொலையும் சண்டையும் இல்லாமல் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது! ஸ்மாக் கேட்ட வண்டிக்கூலிக் கேள்வி ஆறு அத்தியாயம் கழித்து அவன் வாயிலிருந்தே வருகிறது. ஒரு பெட்டி பொன், ஒரு பெட்டி வெள்ளி, வலுவான ஒரு மட்டக்குதிரை சுமக்கிற அளவு. அதோடு சரி.

எல்ஃப் அரசரிடம் விடைபெறும்போது அவருக்கு ஒரு வெள்ளி முத்துமாலை கொடுக்கிறான். அவருடைய அரண்மனையில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்த நாட்களில் எடுத்துச் சாப்பிட்ட ரொட்டிக்கும் குடித்த மதுவுக்கும் ஈடு. பெரிய பங்கை விட்டுக்கொடுத்தவன் ரொட்டிக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் கிளம்புகிறான்.

வாசல்படி | ஜூன் 6, காலை 9:15

இப்போதுதான் புதுப் பிரதி வாங்கப்போகிறேன். பல பதிப்பு இருக்கிறதாமே, எதை வாங்குவது?

பழம்பதிப்பு | ஜூன் 6, இரவு 10:20

கடையில் கிடைக்கும் எந்தப் பிரதியும் 1966 திருத்தத்தின் வழி வந்ததுதான். படிக்க அதுவே போதும். பழைய புத்தகக் கடையில் கிடைப்பது எந்தப் பாடம் என்று கண்டுபிடிக்க ஆண்டுப் பக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று இடத்தைப் புரட்டினால் போதும்.

முதல் அத்தியாயத்தில் காண்டால்ஃப் குளிர்ந்த கோழிக்கறியோடு கேட்பது தக்காளி என்றிருந்தால் 1966-க்கு முந்தைய பாடம். ஊறுகாய் என்றிருந்தால் பிந்தையது. ட்ரோல் என்ற அரக்கர்கள் வரும் 2-ஆம் அத்தியாயத்தில் போலீஸ்காரர்கள் இவ்வளவு தூரம் வருவதில்லை என்று ஒரு வரி இருந்தால் அதுவும் பழையது. பெரிய சோதனை 5-ஆம் அத்தியாயம்.

1937 செப்டம்பர் 21-இல் ஆலன் அண்ட் அன்வின் 1,500 பிரதி அச்சிட்ட முதல் பதிப்பில், குகையில் பில்போவோடு விடுகதைப் போட்டி போடும் கொல்லம் (Gollum) வேறு ஆள். விடுகதையில் தோற்றால் ஒரு பரிசு தருவதாக வாக்குக் கொடுக்கிறான். அந்தப் பரிசுதான் மோதிரம். தோற்றதும் எடுத்துவரப் போகிறான், காணோம். கெஞ்சிக் கெஞ்சி மன்னிப்புக் கேட்கிறான். பில்போ பெருந்தன்மையாகப் பரிசு வேண்டாம், வெளியே வழி காட்டு போதும் என்கிறான். மோதிரம் அவன் பையில் இருக்கிறது! கொல்லம் வழி காட்டிவிட்டுப் போகிறான். கொலைவெறி இல்லை, ‘திருடன்’ என்ற அலறல் இல்லை.

அடுத்த நூலான ‘மோதிரங்களின் தலைவன்’ (லார்ட் ஆஃப் த ரிங்ஸ்) வளர வளர இது ஒத்துவரவில்லை. அப்படிப்பட்ட மோதிரத்தை யாரும் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். 1947-இல் டோல்கீன் மாற்றி எழுதிய பக்கங்களை ஒரு மாதிரியாக ஸ்டான்லி அன்வினுக்கு அனுப்பினார். மூன்று ஆண்டு கழித்து அச்சுப்படியில் அது சேர்ந்து வந்தபோது அவருக்கே ஆச்சரியம். 1951 இரண்டாம் பதிப்பிலிருந்து நாம் படிப்பது அந்தப் பாடம். பழைய பாடத்தை அவர் தூக்கிப்போடவில்லை. மோதிரத்தின்மேல் தன் உரிமையை உறுதிப்படுத்திக்கொள்ள பில்போ சொன்ன பொய் அது என்று அடுத்த நூலின் முன்னுரையில் கதையாக்கிவிட்டார்.

நம் பேச்சுக்கு இது நேராகப் பொருந்துகிறது. முதல் பதிப்பிலேயே பில்போ பங்கு விஷயத்தில் கொஞ்சம் வளைத்துப் பேசுகிறவன்தான்: பையில் பரிசு, வாயில் பெருந்தன்மை. 16-ஆம் அத்தியாயத்து வக்கீல் 5-இலேயே தொழில் பழகியிருக்கிறான்.

சுண்டெலி | ஜூன் 6, இரவு 10:55

தக்காளி போய் ஊறுகாய் வந்தது நம் ஊருக்குச் சாதகமான திருத்தம்.

நெய்விளக்கு | ஜூன் 7, காலை 11:10

விடுகதைப் போட்டியையே பில்போ நேர்மையாக ஜெயிக்கவில்லை. பெரியவர்கள் படித்தால் பிடிபடுவது அதுதான். கொல்லம் போடும் ஐந்தில் மலை, காற்று, இருட்டு ஆகிய மூன்றுக்கு அவனே விடை சொல்கிறான். மீனுக்கு விடை, ஒரு மீன் தண்ணீரிலிருந்து துள்ளி அவன் காலில் விழுந்ததால். காலத்துக்கு விடை, ‘நேரம் கொடு’ என்று கத்த வந்து பாதியில் ‘நேரம், நேரம்’ என்று வாயில் வந்ததால். கடைசியாகக் கேட்ட ‘என் பையில் என்ன’ விடுகதையே இல்லை, தனக்குத்தானே முணுமுணுத்தது. கொல்லம் மூன்று வாய்ப்புக் கேட்டு வாங்கி, மூன்றாவதில் ‘கயிறு அல்லது ஒன்றுமில்லை’ என்று இரண்டு விடையைச் சேர்த்துச் சொல்லி அவனும் ஏமாற்றுகிறான். கதைசொல்லியே இந்தக் கடைசிக் கேள்வி பழைய விதிப்படி செல்லுமா என்று சந்தேகம் கிளப்புகிறார்.

நெய்விளக்கு | ஜூன் 8, இரவு 11:58

பங்குக் கணக்கு சரியாக வருகிறது என்கிறீர்கள். நிலாக் கணக்கு வருகிறதா? கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடு வேனிலுக்கு முந்தைய இரவில் ரிவெண்டெல் தலைவர் எல்ராண்ட் தோரினின் மலை வரைபடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். நிலா அகன்ற வெள்ளிப் பிறை. நிலா எழுத்து எழுதிய அதே பருவத்தில், அதே பிறையில்தான் தெரியும். எழுத்துச் சொல்வது: டூரின் நாளின் கடைசி வெயில் மலையின் ரகசியக் கதவுச் சாவித்துவாரத்தில் விழும். டூரின் நாள் என்பது இலையுதிர் காலத்தின் கடைசிப் பிறை சூரியனோடு சேர்ந்து வானத்தில் தெரியும் நாள். 11-ஆம் அத்தியாயத்தில் நாளை இலையுதிர் காலத்தின் கடைசி வாரம் தொடங்குகிறது என்கிறான் தோரின். மறுநாள் சாயங்காலம் மெல்லிய பிறை மேற்கே, கதவு திறக்கிறது. நாம் மூன்றாம் பிறை பார்க்கும் அதே இடம், அதே நேரம். இதுவரை வானம் சரி.

இப்போது எண்ணுங்கள். ஜூன் 23-இல் வளர்பிறை ஐந்தாம் நாள் என்று வைத்தால் அமாவாசை ஜூன் 18. ஒரு சுற்று 29.5 நாள். ஆறு சுற்று 177 நாள். அடுத்த அமாவாசை டிசம்பர் 12, பிறை டிசம்பர் 14 வாக்கில். குளிர்காலம் டிசம்பர் 21-இல் தொடங்கினால் கடைசி வாரத்தின் முதல் நாளில் கச்சிதமாக உட்காருகிறது. கைதட்டலாம்.

கை தட்டாதீர்கள். 18-இல் நடுக்குளிருக்குள் பில்போவும் காண்டால்ஃபும் காட்டோரத்து நண்பன் பியார்ன் வீட்டுக்கு வந்து யூல் என்ற நடுக்குளிர்ப் பண்டிகை கொண்டாடுகிறார்கள். டிசம்பர் 14-இல் கதவு திறந்து, ஸ்மாக் செத்து, படை திரண்டு, முற்றுகை நடந்து, தாயின் இரும்புமலையிலிருந்து 500 பேரோடு வந்து, போர் முடிந்து, காட்டைச் சுற்றிக்கொண்டு பியார்ன் வீடு சேர ஒரு வாரம் போதுமா?

குளிர்காலம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் பழைய கணக்கை எடுத்தால் யூல் சரியாகும், நிலா கெடும். நாலு சுற்று 118 நாள். அமாவாசை அக்டோபர் 14-இலேயே வந்துவிடும், கடைசி வாரத்துக்கு ரொம்ப முன்னால். எல்ராண்ட் பார்த்தது தேய்பிறை என்று வைத்தால் ஜூன் 27 அமாவாசை, அக்டோபர் 23 அமாவாசை, 25-இல் பிறை. பொருந்துகிறது! ஆனால் தேய்பிறை விடியற்காலையில்தான் எழும். எல்ராண்ட் அலாரம் வைத்து எழுந்து படித்தார் என்று கொள்ள வேண்டும்.

நெய்விளக்கு | ஜூன் 9, காலை 12:20

அடுத்த ஓட்டை இன்னும் பெரிது. கதவு திறந்ததற்கு மறுநாள் ராத்திரி ஸ்மாக் ஏரி நகரத்துக்கு வருகிறது. பறவை பார்டிடம் சொல்வது: பொறு, நிலா எழுகிறது. கிழக்குக் கரைக்கு மேல் நிலா எழுந்து டிராகனின் இறக்கையில் வெள்ளி பூசுகிறது. இரண்டு நாள் பிறை ராத்திரியில் கிழக்கே எழாது. சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்தில் மேற்கே விழுந்துவிடும். ஸ்மாக் செத்தது இல்லாத நிலா வெளிச்சத்தில்.

ஆற்றோரம் | ஜூன் 9, காலை 8:00

ஆக 14-ஆம் அத்தியாயமே நடக்கவில்லை. நன்றி.

பழம்பதிப்பு | ஜூன் 9, இரவு 9:30

டோல்கீனுக்கும் இந்த நாள்-தூரக் கணக்கு உறுத்தியிருக்கிறது. 1960-இல் முழுப் புத்தகத்தையும் அடுத்த நூலின் நடைக்கு ஏற்றவாறு திரும்ப எழுத உட்கார்ந்தார். நாள், தூரம், நிலா எல்லாம் சரிப்படுத்தப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடிக்கும் கதைசொல்லியின் குறுக்கீடுகளை வெட்டினார். பயணம் ரிவெண்டெல் சேர்வதற்குள் நின்றுவிட்டது. படித்துப் பார்த்த ஒருவர் அருமையாக இருக்கிறது, ஆனால் இது ஹாபிட் இல்லை என்றாராம். கைவிட்டார். அந்தப் பக்கங்கள் 2007-இல்தான் அச்சில் வந்தன.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகப் படுகிறது. கோல்ஃப் ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று ஒரு காப்ளினின் (சுரங்கத்தில் வாழும் பொல்லாத இனம்) தலையைப் பறக்கவிட்டுச் சொல்லும் அதே குரல்தான் ‘ஈமச்செலவு’ வரியையும் சொல்கிறது. குரலை எடுத்தால் கடிதம் வெறும் கடிதமாகிவிடும். நிலாவை விட்டுவிடலாம்.

வாசல்படி | ஜூன் 10, மாலை 5:45

வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படிக்கப்போகிறேன். ஒரு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் ஆகுமா? 13 குள்ளர் பேரை எப்படி நினைவில் வைப்பது?

பழம்பதிப்பு | ஜூன் 10, இரவு 10:05

எல்லா அத்தியாயமும் ஆகாது. 1-ஐயும் 8-ஐயும் உடைக்க வேண்டும். முதல் அத்தியாயத்தைத் தட்டு கழுவும் பாட்டோடு நிறுத்துங்கள். மறுநாள் குள்ளர்கள் வாத்தியம் எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். எட்டாவது மிக நீளம். கறுப்பு ஓடையில் பாம்பர் விழுந்து தூங்கிப்போகும் இடத்தில் முதல் நிறுத்தம். பில்போ சிலந்தியைக் கொன்று கத்திக்குப் பேர் வைக்கும் இடத்தில் இரண்டாவது. சிலந்திகள் குள்ளர்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் தூங்காது.

விடுகதை அத்தியாயத்தில் ஒவ்வொரு விடுகதைக்கும் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். முட்டை, பல் இரண்டையும் பிள்ளைகள் உடனே சொல்லும். காலம் பெரியவர்களுக்கும் வராது.

பேர் எல்லாம் வேண்டாம். தோரின், பாலின், பாம்பர், ஃபீலி-கீலி, டோரி போதும். பாலின் காவல்கண், பில்போவிடம் அன்பானவன். பாம்பர் தடியன். டோரி பில்போவை முதுகில் சுமக்கிறவன். காப்ளின் சுரங்கத்தில் அவன் முதுகிலிருந்து விழுந்ததால்தான் மோதிரமே கிடைக்கிறது. ஓயினும் குளோயினும் நெருப்பு மூட்டுகிறவர்கள். மிச்சப் பேர் ஜோடி ஜோடியாக ஓசைக்கு வருபவர்கள். விருந்தில் அவர்கள் வரும் வரிசையை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் பியார்ன் வீட்டில் காண்டால்ஃப் திரும்ப ஜோடி ஜோடியாக அழைக்கும்போது பிள்ளைகளே கண்டுபிடித்துச் சிரிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெண் பிள்ளை இருந்தால் இதில் பொண்ணே இல்லையா என்று கேட்கும். பேரோடு வரும் ஒரே பெண் பில்போவின் அம்மா பெல்லடோனா டூக், அதுவும் முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தி. சமாதானம் சொல்ல முயல வேண்டாம், இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

வாசல்படி | ஜூன் 10, இரவு 10:40

15-இலிருந்து 17 வரை பேச்சுவார்த்தை. பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

பழம்பதிப்பு | ஜூன் 11, காலை 7:30

குரல் மாற்றிப் படித்தால் பிடிக்கும். ரோயாக் என்ற காக்கை, வயது 153, தலை வழுக்கை, கிழட்டுக் குரல். அதை நிதானமாகப் படியுங்கள். தோரினுக்குக் கட்டைக் குரல். தூதனின் அறிவிப்பை டமாரம் அடிப்பது போல. பங்குக் கணக்கை 14 கடலையோ 14 மிட்டாயோ வைத்துப் பிரித்துக் காட்டிவிடுங்கள், சண்டை எதற்கென்று புரிந்துவிடும்.

ஆற்றோரம் | ஜூன் 11, இரவு 9:12

15-இலிருந்து 18 வரை திரும்பப் படித்துவிட்டேன். கடிதம் சட்டைப்பையில் வரும் இடம் நன்றாகத்தான் இருக்கிறது. போரை இன்னும் ஏற்கமாட்டேன். காப்ளினும் ஓநாயும் ஒரு பக்கம், எல்ஃபும் மனிதரும் குள்ளரும் மறுபக்கம் என்றதும் பங்குச் சண்டைக்கு நியாயத் தீர்ப்பு வராமலே எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். கேள்வியிலிருந்து நழுவிவிட்டார் ஆசிரியர்.

பழம்பதிப்பு | ஜூன் 11, இரவு 10:50

அதற்கு என்னிடமும் பதில் இல்லை. போர் வராமல் இருந்திருந்தால் தோரின் கல்லைப் பதினாலில் ஒன்று கொடுக்காமலே மீட்கப் பார்த்திருப்பான். தாயினின் உதவியோடு அப்படிச் செய்யலாமா என்ற யோசனை அவன் மனதில் ஓடுகிறது என்று 17-இல் தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கதை எப்படி முடிந்திருக்கும் என்பது நமக்குக் கிடைக்கவில்லை.

19-ஐயும் படித்துவிடுங்கள். ஜூன் 22, பில்போ வீடு திரும்பும்போது செத்துப்போனதாக அறிவித்து அவன் வீட்டுச் சாமான் ஏலம் போய்க்கொண்டிருக்கிறது. தன் நாற்காலி மேசையில் நிறையவற்றைக் காசு கொடுத்தே திரும்ப வாங்குகிறான்.

சுண்டெலி | ஜூன் 11, இரவு 11:03

வெள்ளிக் கரண்டிகள் மட்டும் கடைசிவரை வரவில்லை. பில்போவின் உறவினர்களான சாக்வில்-பேகின்ஸ் குடும்பத்தார்மேல்தான் சந்தேகம்.